முன்னாள் போதகர்கள்

2058 மார்ச் 10. 'சின்னப் பிழை ஒன்று விட்டிருக்கிறேன்' என்று தயாளினி நாட்குறிப்பில் எழுதினாள். மாலை வகுப்புக்காக ஊர் மெதடிஸ்த ஆலயத்தின் வரலாற்றைத் தொகுத்தபோது, இப்போதிருக்கும் நேசகுமார் போதகரையும் முன்னாள் போதகர்களோடு சேர்த்துவிட்டாள். அந்தத் தொகுப்பைப் பார்த்து முன்னாள் போதகர்களின் குரலில் பிரசங்கிக்கும் ஆலய இயந்திரம் இன்று காலை அவருடைய குரலில் பேசியது. அவர் முன்வரிசையில் இருந்து கேட்டார்.

ஆராதனை முடிந்ததும் அவள் ஆலயச் செயலாளரான மாஸ்ரரிடம் ஓடினாள்.

"அது என்ரை பிழை மாஸ்ரர், திருத்துங்கோ."

"விடு பிள்ளை. போதகரின்ரை பிரசங்கம் இண்டைக்குத்தான் நேரத்துக்கு முடிஞ்சுது. சனத்துக்கும் நல்லாப் பிடிச்சிட்டுது. இனி அவர் என்னத்துக்கு?"

பின்னேரமே போதகர் குடும்பத்தை, அவர்கள் குடியிருந்த குருமனையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பார்க்கப் போன தயாளினியின் கையை வாசலில் போதகரம்மா பிடித்தார்.

"பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடியேல்லை. எங்கை போறது தங்கச்சி?"

தயாளினி உண்மையைச் சொல்லாமலே வீடு திரும்பினாள். நாட்குறிப்பில் கடைசி வரியை எழுதினாள்: நாளை காலை, பாத்திரங்கள் கட்டக் குருமனைக்குச் சாக்கு கொண்டுபோக வேண்டும்.