நாற்பத்தோராவது சொல்

பி, ஹெச், டி, ஹெச் என்ற நான்கு எழுத்துகளும் அடுத்தடுத்து வரும் பழைய ஆங்கிலச் சொற்களைச் சேகரிக்கவே அந்த ஐந்து பெரிய மனிதர்களும் ஞாயிறுதோறும் கூடினார்கள். இதுவரை நாற்பது கிடைத்திருந்தன. டீ கொண்டுவந்த செங்கமலம், மகளின் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள்.

"பார்வை திரும்புமான்னு இதுல எழுதியிருக்காம். படிச்சுச் சொல்லுங்க சார்."

வாங்கிப் பார்த்த தலைவர் துள்ளினார். "ஓய், நாற்பத்தொன்று! 'தைசிஸ்'!"

சுருங்கிப்போய் இனி ஒளி வராத கண்ணுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அது. ஐவரும் கைதட்டினார்கள். சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு சீட்டைத் திருப்பித் தந்தார்கள்.

செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. "மாரியாத்தா கைவிடல!" என்று ஒவ்வொரு டம்ளரிலும் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

நான்கு பேர் ருசித்துக் குடித்தார்கள். சேஷகிரி மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தச் சீட்டை இன்னொரு தடவை கொடும்மா."