விழும் பயிற்சி

தலைவர் காலில் யாரும் விழக் கூடாது என்று கட்சி அலுவலக வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர் தணிகைவேல் போன தேர்தலில் அதை நம்பி நின்றபடியே கும்பிட்டார். விழுந்தவர்களுக்கெல்லாம் தொகுதி கிடைத்தது. இந்தத் தடவை அவர் விடுவதாக இல்லை. மனைவி கமலவேணியைக் கூடத்தில் தலைவராக நிறுத்தி, காலையிலிருந்து விழுந்து பழகுகிறார்.

“நெத்தி தரையில படலைங்க.”

“மூட்டு மடங்க மாட்டேங்குது, வேணி.”

“துணைவேந்தர் வந்தப்பகூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன்.”

“அது பல்கலைக்கழகம். இது பொதுவாழ்க்கை.”

ஒன்பதாவது முறை நெற்றி தரையில் பதிந்தது.

“போதும், எழுந்திருங்க.”

“தலைவர் மாதிரி சொல்லு,” என்றார், தரையைப் பார்த்தபடியே.

முப்பது வருஷத்தில் அவளுடைய ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்ததே இல்லை. கமலவேணி அவசரமில்லாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.