ஒரு வாட்

சுவர் பிளக்கில் செருகியிருந்த, கரண்ட் அளக்கும் குட்டி மீட்டருக்கு, தன் மேல் செருகி உட்கார்ந்திருந்த சின்னக் கம்ப்யூட்டரைக் கண்டாலே எரிச்சல்.

"ராப்பகலா அஞ்சு வாட் குடிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"அருளப்பன் ஐயா படுத்த படுக்கையா இருக்கார். அவர் பொத்தானை அமுக்கினா, மாடியில இருக்கிற மகளை நான்தான் கூப்பிடணும்" என்றது கம்ப்யூட்டர்.

இருந்தும் சொல் பொறுக்காமல் தன் பச்சை விளக்கை அணைத்துக்கொண்டது. மீட்டரில் எண் நாலரைக்கு இறங்கியது. காலையில் அதைக் குனிந்து பார்த்த மகள், "பரவாயில்லையே" என்றாள். மீட்டருக்கு ஆசை கூடிவிட்டது.

"ஐயா ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதானே அமுக்குறார்? நடுவுல தூங்கேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணு முழிச்சாப் போதும்."

கம்ப்யூட்டர் தூங்கியது. ஒரே ஒரு வாட்! மீட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஐயா பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். கம்ப்யூட்டர் கண் விழிக்க இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். மகள் கம்ப்யூட்டரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ஐயாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒயரை அதே மீட்டரில் செருகினாள்.

"முந்நூறு! முந்நூறு வாட்!" என்று மீட்டர் பதறியது.

அவள் குனிந்து பார்க்கவே இல்லை.