குருவி எடுத்த அளவு

நம்பினால் நம்புங்கள், முதுகு கோணிப்போன ஒரு கிழக்குரங்கால் மாமரம் ஏற முடியவில்லை. கீழே உதிர்ந்த பழமே கதி என்றிருந்தது. தூக்கணாங்குருவி அதற்கு முதுகைத் தாங்கிப் பிடிக்க நாரில் ஒரு பட்டை பின்ன வந்தது.

"எப்பவும்போல நில்லுங்க, மாமா."

"நான் எப்பவும் இப்படித்தான்" என்று குரங்கு மூச்சை இழுத்துப் பிடித்து, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. அந்த அளவில் பின்னிய பட்டையை மாட்டியதும் விலாவெல்லாம் வலி.

"கூடு கட்டுற உனக்கு முதுகைப் பத்தி என்ன தெரியும்?" என்று குரங்கு வைதது. வைகிற வேகத்தில் விறைப்பு மறந்து, முதுகு பழைய கோணலுக்கே திரும்பியது. குருவி பின்பக்கம் போய் அந்தக் கோணலையே அளந்துகொண்டது.

புதுப் பட்டை கச்சிதமாகப் பொருந்தியது. குரங்கு உச்சிக்கிளையில் பழம் கடித்தபடி பக்கத்தில் இருந்த ஒரு காக்கையிடம் சொன்னது: "திட்டினாத்தான் இந்தக் குருவிக்கு வேலையே ஓடுது, பார்த்தியா."