ஆறரை மணிப் பிரார்த்தனை

“கடவுள் நம்பிக்கை உண்டா, தம்பி?”

தேநீரை இன்னும் யாரும் வாயில் வைக்கவில்லை. அதற்குள், பெண் கேட்டு வந்திருந்தவனிடம் பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார்.

‘உண்டு’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி பெண் நேற்றே அவனிடம் கெஞ்சியிருந்தாள். கல்யாணம் நடப்பதும் நிற்பதும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது என்று எச்சரித்தும் இருந்தாள்.

“இல்லைங்க சார்,” என்றான் அவன்.

பெண்ணின் அம்மா பிஸ்கட் தட்டைச் சற்று ஓசையுடன் மேசைமேல் வைத்தாள். பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏன் இல்லை? ஏதாவது வேண்டிக்கிட்டு நடக்காமப் போச்சா?”

“அப்படியெல்லாம் இல்லை சார். நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவன். வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் எலும்பு முறிஞ்சிருக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறாங்க. உள்ளே படம் எடுத்தா, பலமா விழுந்தவங்களுக்கு முறிஞ்சிருக்கு. லேசா விழுந்தவங்களுக்கு முறியலை. ஒன்பது வருஷமாப் பார்க்கிறேன். வேண்டுதலுக்கும் எலும்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

“இந்த வீட்டுல தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பிரார்த்தனை. அரை மணி நேரம். நான் படிப்பேன், இவளும் பொண்ணும் கண்ணை மூடிக் கேட்பாங்க. இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லை. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் இல்லைன்னு சொல்றீங்க.” அவர் எழுந்தார். “வாங்க, உங்ககிட்ட தனியாப் பேசணும்.”

பால்கனிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். மனைவி பார்க்கிறாள் என்பதை உறுதிசெய்துகொண்டு, விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

“நான் விரலை ஆட்டுறதைக் கண்டுக்காதீங்க, மாப்பிள்ளை. எனக்கும் அந்த நம்பிக்கை கிடையாது.”

கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

“அப்புறம் பிரார்த்தனை?”

“கல்யாணமான மறுநாள் சாயங்காலம் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தா. புதுப் பெண்டாட்டி. எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா? பிரிச்சேன், படிச்சேன். அவ கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தா. அன்னிக்கு மாட்டினவன்தான். தரையில உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் போச்சு. எக்ஸ்ரேல தெரியுமா?”

“தேய்மானம் தெரியும் சார். காரணம் தெரியாது.”

“அந்த மட்டுக்கும் நிம்மதி. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுலதானே இருக்கப்போறீங்க? ஆறரைக்கு வந்து உட்கார்ந்து உதட்டை அசைங்க, போதும். இவளுக்கு உண்மை தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா.”

உள்ளே வந்ததும் குரல் உயர்ந்தது. “பையன் தங்கமான பையன். நம்பிக்கைதான் இல்லை. போகப்போகக் கடவுளே திருத்திடுவார். என்ன, தேநீர் ஆறிப்போச்சு?”

“ஆறாம உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?” என்றாள் அம்மா. “தம்பி, அந்தக் கோப்பைகளை எடுத்துக்கிட்டுச் சமையலறைக்கு வாங்க. நானும் நாலு நல்ல வார்த்தை சொல்லணும்.”

சமையலறையில் முதல் காரியமாகக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைச்சலோடு கொட்டியது.

“இது அவர் காதுக்குப் போகக் கூடாது. எனக்கும் நம்பிக்கை கிடையாது.”

அவன் கையிலிருந்த கோப்பைகளைத் தொட்டியில் வைத்தான்.

“அப்ப அவர் கையில புத்தகத்தைக் கொடுத்தது?”

“அதை ஏன் கேட்கிறீங்க. யாரோ கல்யாணத்துக்குப் பரிசாக் கொடுத்த புத்தகம் அது. மேல் அலமாரி எனக்கு எட்டாது. அங்கே வைக்கச் சொல்லலாம்னு நீட்டினேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மனுஷன் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சுட்டார். இவ்வளவு பக்தியான ஆளான்னு நினைச்சேன். புதுப் புருஷன். எழுந்து போக முடியுமா? கண்ணை மூடிக்கிட்டேன். பார்த்தா, மறுநாளும் அதே நேரத்துக்குப் புத்தகத்தோட வந்து நிக்கிறார்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அப்படி உருகி உருகிப் படிக்கிறவர்கிட்டயா? மனசு ஒடிஞ்சுபோயிடும். நீங்களும் பேசாம வந்து கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க. நான் அப்பத்தான் மறுநாள் சமையலை யோசிப்பேன். உங்களுக்கும் யோசிக்க ஏதாவது இருக்காதா என்ன?”

கல்யாணத்துக்கு அப்பா, அம்மா இருவரும் சம்மதித்துவிட்டார்கள். பெண் அவனைப் பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப வந்தாள்.

“ஒரு வார்த்தை பொய் சொல்ல மாட்டேன்னு நின்னேன்,” என்றான் அவன். “இப்ப தினமும் அரை மணி நேரம் பொய் சொன்னாத்தான் நீ கிடைப்பியாம். உங்க அப்பாவுக்கு...”

“நம்பிக்கை கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது.”

“உனக்குத் தெரியுமா?”

“பத்து வயசுலேயே தெரியும். அப்பா ஒரே பக்கத்தை ரெண்டு தடவை படிச்சார். அப்பாவும் கவனிக்கலை, அம்மாவும் கவனிக்கலை.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்பாங்களே?”

“நாள் முழுக்க எலியும் பூனையுமா இருக்கிறவங்க. ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு இன்னொருத்தர் நினைக்கிறது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அதையும் கெடுக்கச் சொல்றியா?”

பேருந்து வந்து நின்றது. அவன் ஏறவில்லை.

“எங்க வீட்டுல நிஜமாவே வேண்டிக்கிறவ நான் ஒருத்திதான்,” என்றாள் அவள். “ரெண்டு பேருக்கும் உண்மை தெரிஞ்சிடக் கூடாதுன்னு கேட்கிறேன். பதினஞ்சு வருஷமா ஒரு நாள் தவறாம நிறைவேறுது. இதுக்கு மேலயும் ஒரு கடவுள் என்னதான் செய்யணும்ங்கிறே?”