நடுவில் நின்ற முள்

"சாருக்கு இன்னொரு துண்டு வையி அண்ணி" என்றான் எழில்.

அம்சா வறுத்த வஞ்சிரத்தைத் தட்டில் வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரவிச்சந்திரன். அவள் கணவன் லோகு ஓட்டிவந்த சிறு விமானம் கடலில் விழுந்தபோது விசாரணை நடத்தி, 'விமானியின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதிய அதிகாரி. அன்றிலிருந்து அவர்கள் ஊரான சதுரங்கப்பட்டினத்தில் லோகு என்றால், தானும் செத்து, கூட வந்தவர்களையும் கொன்றவன் என்றுதான் பேச்சு.

அந்த ஆளைத்தான் லோகுவின் தம்பி வீட்டுக்கே அழைத்து விருந்து வைக்கிறான். காலையிலேயே அண்ணன் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டான்.

"இது யாரு வூடுன்னு அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி. தெரிஞ்சா என் சாஃப்ட்வேர் பத்தி ரெண்டு வார்த்த நல்லதா சொல்ல மாட்டாரு."

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக அவன் செய்திருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. சொந்த அண்ணனைவிட அது பெரிதாகிவிட்டது. ச்சீ என்றிருந்தது அம்சாவுக்கு.

ரவிச்சந்திரன் எண்ணெய்க் கையை சோபா உறையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"மழையும் மேகமும் போட்டுகீறேன் சார். வெளிய ஒண்ணும் தெரியாது. தரையிலேர்ந்து வர்ற ரேடியோ சிக்னல்தான் வழி காட்டும். இந்த வட்டத்துல கீற ரெண்டு முள்ளும் நடுவுல நின்னா, சரியா எறங்கிகினு கீறோம்னு அர்த்தம்."

"எனக்கே பாடமா?" என்று சிரித்தார் அவர். "முள்ளைப் பார்த்து ஓட்டினா ஸ்கூல் பையன்கூட இறக்கிடுவான். அதைக்கூடப் பார்க்காம கடல்ல கொண்டுபோய் விட்டான் ஒருத்தன். நான்தான் விசாரிச்சேன். முட்டாப்பய."

"ஆமா சார்" என்று எழிலும் சிரித்தான்.

கையிலிருந்த எச்சில் தட்டை அவன் முகத்திலேயே எறியலாம் போலிருந்தது அம்சாவுக்கு. எறியவில்லை. சாக்கடையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. "வெளம்பரத்துக்கு சார்" என்று போனை நிறுத்திவைத்து வீடியோ எடுக்கத் தொடங்கினான். பிறகு திரைப் பக்கமே திரும்பவில்லை. ரவிச்சந்திரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் விமானம் மேகத்துக்குள் இறங்கியது. "பார்த்தியா, ரெண்டு முள்ளும் ஆணி அடிச்ச மாதிரி நடுவுல நிக்குது" என்றார் ரவிச்சந்திரன். முள் அசையாமலே நின்றது. மேகம் விலகியபோது முன்னால் ஓடுபாதை இல்லை. கடல்தான் இருந்தது. விமானத்தின் மூக்கைத் தூக்குவதற்குள் அது கடலில் மோதி, திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

அவர் முகமும் சிவந்தது. "என்னப்பா சாஃப்ட்வேர் இது? கடைசி வரைக்கும் முள் நடுவுலதானே நின்னுது? சிக்னலே தப்பா வந்தா எந்தக் கொம்பன் ஓட்டினாலும் கடல்லதான் விழுவான். ஓட்டறவன் என்ன பண்ணுவான்?"

"அவன் மேல தப்பு இல்லைங்கறீங்களா சார்?"

"அவன் மேல என்னய்யா தப்பு? சிக்னல் குடுத்தவன் தப்பு. இப்படியெல்லாம் நடக்காததைப் போட்டு வச்சா யார் வாங்குவா?"

எழில் போனை எடுத்து வீடியோவை நிறுத்தினான். "நானா எதுவும் போடல சார். ஒரு விமானத்தோட கறுப்புப் பெட்டியில பதிஞ்சிருந்த சிக்னல மனு போட்டு வாங்கி அப்படியே ஏத்தி வச்சேன்."

"எந்த விமானம்?"

எழில் முதல்முறையாக அம்சாவைத் திரும்பிப் பார்த்தான்.

"இவங்க வூட்டுக்காரு ஓட்டினாரே, அது சார்."