இருநூறு பவுண்டுக்குள்

“உன்னைச் சுமந்துகிட்டு ஒரு மைல் ஆழம் இறங்கணும்னா, கோவேறு கழுதை முதல்ல லீவு கேக்கும், டெல்!”

“கேக்கட்டுமே. நீ அடுப்புல சுடுற ஆப்பிள் பை பலகாரத்துல ஒரு துண்டு வெட்டிக் குடு. தானா வந்து குனிஞ்சு நிக்கும்.”

பதினோரு வருடத்துக்கு முந்தைய பேச்சு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில், லாயத்து வாசலில், லோர்னாவின் கணவர் டெல்பர்ட் எடை மேடையில் நின்றிருந்தார். இருநூறு பவுண்டுக்குள் இருந்தால்தான் சவாரி. முள் இருநூற்று முப்பத்தொன்றில் நின்றது. தொப்பியைக் கழற்றினார். பூட்ஸைக் கழற்றினார். பெல்ட்டில் கை வைத்தபோது வரிசையே சிரித்துவிட்டது.

“நீ மட்டும் போயிட்டு வா லோர்னா. கீழ ஆத்தங்கரை எப்படி இருக்குன்னு வந்து சொல்லு.”

“நான் மட்டும் எதுக்கு? போனா ரெண்டு பேருமா போவோம்.”

அதன்பிறகு மூன்று முறை பதிவு செய்து, மூன்று முறையும் எடை மேடையோடு திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் வீடு வந்ததும் அவருக்கு ஆறுதலாக அவள் செய்து தந்ததும் அதே ஆப்பிள் பைதான்.

இப்போது, அவர்கள் ஊரான ஃபிளாக்ஸ்டாஃபில், காலையிலிருந்து பனி பெய்துகொண்டிருந்தது. சமையலறை மேஜையில், மாவு நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லோர்னா சவாரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது முறை. முதல் நான்கு முறையும், கேட்க வந்ததைக் கேட்க வாய் வராமல் போனை வைத்துவிட்டாள்.

“வணக்கம் மேடம், நான் கென்ட்ரா பேசறேன். எத்தனை பேர்?”

“ரெண்டு பேர். நானும் என் வீட்டுக்காரரும்.”

கென்ட்ரா பழைய பதிவுகளைப் பார்த்திருக்க வேண்டும். குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் ஏற்கெனவே நாலு தடவை...”

“தெரியும் கண்ணு. இந்தத் தடவை பாஸாயிடுவார்.”

“அட! எப்படிக் குறைச்சார்? எனக்கும் சொல்லுங்களேன்!”

“மார்ச் மாசத்துலேருந்து என் ஆப்பிள் பையைத் தொடறதே இல்லை.”

“பெரிய வைராக்கியம்தான். சில கேள்வி கேக்கணும் மேடம், எல்லாரையும் கேக்கறதுதான். பாதை செங்குத்தா இருக்கும். அவருக்கு உயரம்னா பயம் உண்டா?”

“முன்னே இருந்தது. இப்ப எதுக்கும் பயமில்லை.”

“அஞ்சு மணி நேரம் சேணத்துல இருக்கணும். முதுகு வலி, மூட்டு வலி?”

“ரயில்வேயில சாமான் தூக்கின முதுகு. ரொம்ப வருஷம் பாடாப் படுத்துச்சு.” லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப அந்த வலியெல்லாம் போயிடுச்சு.”

“சந்தோஷம் மேடம். உங்க எடை?”

“நூத்தி முப்பத்தாறு.”

“சாரோடது? சரியாச் சொல்லணும். ஆளோட எடையைப் பார்த்துத்தான் இங்க கழுதையை ஒதுக்குவாங்க.”

கதவோரத்தில் டெல்லின் பூட்ஸ் பாலிஷ் மின்ன நின்றிருந்தது. லோர்னா அதையே பார்த்தாள். இந்த முறையும் போனை வைத்துவிட்டால், இனி என்றைக்கும் கேட்கமாட்டாள்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் கண்ணு.” லோர்னா கையை நீட்டித் தராசை அருகே இழுத்து, முள்ளை இன்னொரு முறை பார்த்தாள். “எட்டு பவுண்டு. அஸ்தியும் மரப்பெட்டியும் சேர்த்து. அவருக்குத் தனிக் கழுதை வேண்டாம்மா... ஆத்தங்கரை வரைக்கும் என் மடியிலயே வச்சுக் கூட்டிட்டுப் போகட்டுமா?”